புன்னைக்காயும் ஒரு சிரட்டைக் குழியும்

இவ்வாண்டு கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திறங்கிய பேத்தியின் பையில் துணிமணிகளுக்கு நடுவே மூன்று பிளாஸ்டிக் கோல்கள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. கூடவே ஓட்டை ஓட்டையாகத் துளையிட்ட இலேசான பந்துகள் ஏழோ எட்டோ. வயது ஏழு. அவள் படிக்கும் பள்ளியில் வாரம் ஒரு நாள் இதைச் சொல்லித் தருகிறார்களாம். 'தாத்தா, கோல்ஃப் விளையாட இடம் வேணும்' என்று வந்த மறுநாள் காலையிலேயே நின்றாள்.

கொட்டாரத்தில் கோல்ஃப் விளையாட இடம் கேட்ட முதல் மனிதப்பிறவி அவளாகத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கும்பப்பூ அறுத்த வயல் தாளடியாகக் கிடந்தது. பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்து அது கால்வாய் கால்வாயாக இங்கு வந்து சேரும்வரை அந்த வயல் பிள்ளைகளுக்கு உரியது, காலங்காலமாக அப்படித்தான். ஒரு மூலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுமூலையில் மண்வெட்டியால் ஒரு சிறு குழி வெட்டி, அதில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பதித்தேன். கோல்ஃப் குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர் என்று 1891இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் முடிவு செய்தார்கள். உலகம் முழுவதும் இன்றும் அதுதான் அளவு. நம்மூர்ச் சிரட்டை ஏறத்தாழ அதே அளவு. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்றாலும் நான் பெருமைப்பட்டேன். தென்னை ஈர்க்கில்கள் நாலைந்தைச் சேர்த்துக் கட்டி, நுனியில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிக் கொடியாக நட்டாயிற்று.

மூன்றாம் நாள் கிரிக்கெட் மூலையில் பாதிப் பேரைக் காணோம். எல்லோரும் இங்கே நின்றார்கள்.

அன்று மாலை வரப்பு வழியாக வந்த என் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: 'என்ன வே, பேத்திக்குத் துரைமார் விளையாட்டு சொல்லிக் குடுக்கேரா? வயலைப் பூராவும் புல்லாக்கி வச்சுட்டு அப்புறம் சோத்துக்கு எங்க வே போவீரு?'

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டு வாரமாக அதையே சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். அந்தச் சுற்றலின் விளைவே இக்கட்டுரை.

நண்பருக்கு நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை நானே கேட்டிருப்பேன். இன்னும் கடுமையாகவே கேட்டிருப்பேன். என் தாய்மாமா சிறுவயதில் மலைத்தோட்டப் பகுதியில் வளர்ந்தவர். தாத்தா அங்கே கணக்குப்பிள்ளை. அங்கிருந்த ஒரு மன்றத்தின் கோல்ஃப் களத்தில் மாமா எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை பை சுமந்தார். 'காடி' என்று அந்த வேலைக்குப் பெயர். பை அவர் உயரம் இருக்கும். மேட்டிலும் பள்ளத்திலும் துரையின் பின்னால் ஓடவேண்டும். பந்து புதரில் விழுந்தால் அட்டைக்கடியோடு தேடி எடுக்கவேண்டும். கிடைக்காவிட்டால் கூலியில் பிடித்தம். அந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் கையில் கோலைக் கொடுத்து 'நீ ஒன்று அடித்துப் பார்' என்று ஒருவரும் சொல்லவில்லை.

மாமா அதைக் குறையாகச் சொன்னதே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் சொன்னதெல்லாம் சரிவுகளைப் பற்றி. எந்தக் குழிக்கருகே தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காலைப் பனியில் பந்து எவ்வளவு மெல்ல உருளும், வெயில் ஏறியபின் எப்படி வழுக்கும் என்பதெல்லாம் எழுபது வயதிலும் அவருக்கு மனப்பாடம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கொய்யாக் கிளையில் முனை வளைந்த கம்பு ஒன்று வெட்டி, வட்டக்கோட்டைப் பக்கம் கடற்கரை மணலில் புன்னைக்காய்களை அடிப்பாராம். நம் கரையோரத்துப் புன்னைக்காய் உருண்டையானது, கெட்டியானது, கோல்ஃப் பந்தைவிடச் சற்றே சிறியது. வாசகர்களில் கடலோர ஊர்க்காரர்கள் இருந்தால் கோலிக்குப் பதிலாக அதை வைத்து ஆடியிருப்பார்கள்.

மாமா அடித்த புன்னைக்காய்கள் எங்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு கடற்கரையில் வேறொரு சிறுவன் அதையேதான் செய்துகொண்டிருந்தான். ஸ்பெயின் நாட்டின் வடகரையில் பெட்ரேன்யா என்றொரு சிற்றூர். உழவர் குடும்பத்தில் 1957இல் பிறந்த செவெரியானோ பல்லெஸ்தெரோஸ் என்ற அச்சிறுவனுக்குக் களத்தில் ஆட அனுமதி இல்லை; அவனும் பை சுமந்தவன்தான். கையில் ஒற்றைக் கோல். மணலில் கிடந்த கூழாங்கற்களே முதலில் பந்து. ஒரே கோலால் உயரமாகவும் தாழ்வாகவும் வளைத்தும் நேராகவும் அடிக்க அந்த மணலே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. 1979இல், இருபத்திரண்டு வயதில், பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றான். மறு ஆண்டு அமெரிக்காவின் மாஸ்டர்ஸ். மொத்தம் ஐந்து பெரும்பட்டங்கள். அவன் மாமா ரமோன் சோட்டா தொழில்முறை ஆட்டக்காரர் என்பதையும் சொல்லவேண்டும். அவனுக்கு வழிகாட்ட ஒரு மாமா இருந்தார். என் மாமாவுக்கு அப்படி யாரும் இல்லை.

இந்தியாவில் ஒரு சிறுபிள்ளை கோல்ஃப் களத்துக்குள் நுழைய வெகுகாலமாக இரண்டே வாசல்கள். ஒன்று, தந்தையின் மன்ற உறுப்பினர் அட்டை. மற்றொன்று, தோளில் ஏற்றப்பட்ட பை. வியப்பு என்னவென்றால் இந்தியக் கோல்ஃபின் பெரும் வெற்றிகளில் பல அந்த இரண்டாம் வாசல் வழியாக வந்தவை. இந்தியன் ஓப்பன் போட்டி 1964இல் தொடங்கியது; அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் 1991இல்தான் வந்தார். டெல்லிக் களத்தில் வளர்ந்த அலி ஷேர் அவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸையும், பிறகு 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து இந்தியன் ஓப்பனையும் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றத்தில் புல்தரை பராமரித்தவர். 1829இல் நிறுவப்பட்ட மன்றம் அது. பிரிட்டனுக்கு வெளியே உலகிலேயே பழையது. அதன் நீண்ட வரலாற்றின் ஏதோ ஒரு மூலையில் புல் வெட்டுபவரின் மகன் தானே பார்த்துத் தானே கற்றுக்கொண்டான்.

இப்பெயர்களைச் சொல்லி 'பாருங்கள், ஏழையும் ஜெயிக்கலாம்' என்று முடித்துவிடுவது செய்தித்தாள்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு முனியப்பாவுக்குப் பின்னால் பை சுமந்து, முதுகு வளைந்து, வேறு படிப்பும் இல்லாமல், களத்தின் வாசலிலேயே நின்றுவிட்ட எத்தனையோ பிள்ளைகள் இருந்திருக்கவேண்டும். என் மாமா அவர்களில் ஒருவர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், குடும்பத்தொழில் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. பை சுமக்கும் வாசல் சட்டப்படி அடைபட்டுவிட்டது, அடைபட வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஈடாக வேறொரு வாசலை யார் திறந்தார்கள்? சட்டம் சிறுவனின் தோளிலிருந்து பையை இறக்கியது, சரி. அவன் கையில் கோலைக் கொடுப்பது சட்டத்தின் வேலை அல்ல.

இந்த இடத்தில் ஸ்காட்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். நாம் துரைமார் விளையாட்டு என்று நினைப்பது அங்கே கடலோரப் புறம்போக்கில் பிறந்த விளையாட்டு. விளைச்சலுக்கு உதவாத மணற்பாங்கான நிலம், ஆடுகள் மேய்ந்து கட்டையாக்கிய புல். நிலவரிக் கணக்கில் அதை நம்மூர்க் கிராம அலுவலர் எப்படி எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். 1457இல் அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் காலத்தில் நாடாளுமன்றம் இதற்குத் தடை விதித்தது. குடிமக்கள் வில்வித்தையைக் கைவிட்டு இதிலேயே கிடந்தார்கள் என்பது காரணம். வில் பிடிக்க வேண்டிய குடியானவன் ஆடித் திரிந்த விளையாட்டு அது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய களம் இன்றும் பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் நாயைப் பிடித்துக்கொண்டு உலாவுகிறார்கள். அருகிலேயே குழந்தைகளையும் புதிதாகக் கற்பவர்களையும் மனத்தில் வைத்து அமைத்த ஒன்பது குழிக் களம் ஒன்றும் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைக்கு நமக்குக் கிட்டிப்புள் எப்படியோ அப்படித்தான் இது. கப்பலேறி இங்கு வந்தபோதுதான் இவ்விளையாட்டுக்கு வேலி முளைத்தது. வேலிக்குள் பார் முளைத்தது, உடைக் கட்டுப்பாடு முளைத்தது.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். தலைநகரான திருவனந்தபுரத்தில், கவடியாரில், ஒன்பது குழி கொண்ட கோல்ஃப் களம் ஒன்று உண்டு. இந்தியாவின் மிகப் பழைய களங்களில் ஒன்று என்று சொல்கிறார்கள். அரச குடும்பத்தாரும் வெள்ளை அதிகாரிகளும் ஆடிய இடம். கொட்டாரம் என்ற எங்கள் ஊர்ப்பெயருக்கு மலையாளத்தில் அரண்மனை என்று பொருள். தமிழகராதியைப் புரட்டினால் களஞ்சியம் என்றும் இருக்கிறது. கவடியார் கொட்டாரத்துப் பிள்ளை கோல் பிடித்தது. நெல் அளந்த கொட்டாரத்துப் பிள்ளை கிட்டிப்புள் ஆடியது. நடுவில் தொண்ணூறு கிலோமீட்டர்தான்.

கிட்டிப்புள்ளைப் பற்றிச் சொன்னேன். பேத்தியோடு சேர்ந்துகொண்ட ஊர்ப்பிள்ளைகளில் ஒருவனுக்கும் கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் தரையில் கிடக்கும் சிறிய பொருளை நீண்ட கோலால் அடிப்பதும், கோலிக்குண்டைக் குழிக்குள் விழச் செய்வதும் அவர்களுக்குத் தெரியும். இவ்விரண்டையும் கூட்டினால் கோல்ஃப். கிட்டிப்புள் பாதி, கோலி பாதி. குழிப்பந்தாட்டம் என்று தமிழில் ஒரு சொல் உருவாக்கியிருக்கிறார்கள். பொருத்தமான சொல்தான், ஆனால் வயலில் யார் வாயிலும் அது ஏறவில்லை. 'சிரட்டைப் பந்து' என்று பையன்கள் இரண்டாம் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். அகராதிக் குழுக்களைவிட ஆறாம் வகுப்புப் பையன்கள் இவ்விஷயத்தில் விரைவானவர்கள். இலக்கிய அன்பர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரலாம். ஐயனார் சிலைகளின் கையில் இருக்கும் முனை வளைந்த கோலுக்குச் செண்டு என்று பெயர். அதே செண்டு என்ற சொல் பந்தையும் குறிக்கிறது. கோலும் பந்தும் ஒரே சொல்லுக்குள் இருப்பது ஏன் என்று எவரேனும் அறிஞர் ஆராயட்டும். ஐயனார் கோல்ஃப் ஆடினார் என்று நான் சொல்ல வரவில்லை. இணையத்தில் அப்படிச் சொல்ல ஆளிருக்கும் என்பதால் முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன்.

சிறுபிள்ளைகளுக்கு இதை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில் பெரியவர்கள் செய்யும் முதல் பிழை, தங்கள் கோலை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுப்பது. நீளம் குறைகிறது, எடை குறைவதில்லை. பிள்ளை கோலை வீசுவதற்குப் பதில் கோல் பிள்ளையை வீசுகிறது. எடை குறைந்த, தலை பெரிதான பிளாஸ்டிக் கோல்கள் அதற்காகவே செய்யப்படுகின்றன. அவை இல்லையென்றால் முனை வளைந்த இலேசான கம்பு போதும். பந்து மென்மையானதாக இருக்கவேண்டும். உண்மையான கோல்ஃப் பந்து நாற்பத்தாறு கிராமுக்கும் சற்றுக் குறைவுதான். கிரிக்கெட் பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கல்போலக் கடினமானது. அது வரும் வேகத்தில் கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஆகவே எட்டு, ஒன்பது வயதுவரை அதைத் தொடவேண்டியதில்லை. கோல் வீசுபவனைச் சுற்றி இரண்டு கோல் நீளத்துக்கு யாரும் நிற்கக்கூடாது என்ற ஒரே ஒரு விதியில் மட்டும் நான் சர்வாதிகாரியாக இருந்தேன். வயலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஆடுபவன் மட்டும் உள்ளே என்றேன். கிட்டிப்புள்ளில் நெற்றி உடைந்த தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. அதைக் காட்டி நம்பவைத்தேன்.

இரண்டாவது பிழை, தூரத்திலிருந்து தொடங்குவது. தொலைக்காட்சியில் பார்ப்பதெல்லாம் வானுயரப் பறக்கும் பந்து. அதனால் முதல் நாளே பிள்ளையை நிறுத்தி 'ஓங்கி அடி' என்கிறார்கள். பத்துமுறை வீசி ஒன்பதுமுறை மண்ணை அடித்தால் எந்தப் பிள்ளைக்கும் அழுகை வரும். குழியிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். முதல் நாள் ஒரு சாண் தூரம். பந்து சிரட்டைக்குள் விழும் 'டொக்' என்ற ஓசையைப் பிள்ளை கேட்கவேண்டும். பிறகு ஓரடி, பிறகு நான்கடி, பிறகு பத்தடி. ஒரு வாரம் கழித்துத்தான் கோலைத் தோள்வரை தூக்கவேண்டும். எந்நேரமும் 'தலையைத் தூக்காதே, முழங்கையை மடக்காதே' என்று நச்சரிக்கக்கூடாது. கல்லெறிந்து மாங்காய் வீழ்த்தும் பிள்ளைக்கு உடம்பைத் திருப்புவது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அரைமணி நேரம் போதும். அதற்குமேல் ஆடினால் அது பயிற்சி. ஏழு வயதில் பயிற்சி என்ற சொல்லே வேண்டாம் என்பது என் கட்சி.

என் கட்சிக்கு எதிர்க்கட்சி வலுவானது. 1978இல் டைகர் உட்ஸ் இரண்டு வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பந்தடித்துக் காட்டினார். அன்றுமுதல் உலகமெங்கும் தந்தைமார்களுக்கு உறக்கம் போயிற்று. நம் நாட்டிலும் அந்த நோய் பரவியிருக்கிறது. அரியானாவில் பானிபட்டுக்கு அருகே இஸ்ரானா என்ற கிராமத்தில் பால் வியாபாரி ஒருவரின் மகன் சுபம் ஜக்லான். மற்போர் பார்த்து வளர்ந்த குடும்பம். வெளிநாட்டில் வாழ்ந்த ஒருவர் கிராமத்துக்கு வந்து கோல்ஃப் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார், அது நீடிக்கவில்லை. வந்த பிள்ளைகள் கலைந்தார்கள், இவன் விடவில்லை. வயலில் ஆடியும் யூடியூப் பார்த்தும் கற்றான். பிறகு டெல்லியில் ஆதரவு கிடைத்தது. 2015இல், பத்து வயதில், அமெரிக்காவில் இரண்டு சிறுவர் உலகப் பட்டங்களை வென்றான். அந்தச் செய்தி வந்த நாட்களில் நான் மகிழ்ந்தேன். ஆனால் அந்தச் செய்தியைக் காட்டி 'நம்ம பையனையும் சேர்த்தால் என்ன, வருமானம் கோடிக்கணக்கில்' என்று ஒருவர் என்னிடம் கணக்குப் போட்டபோது வயிற்றைக் கலக்கியது. மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்கு ஆறாம் வகுப்பிலேயே பயிற்சி மையத்தில் சேர்க்கும் சமூகம் இது. நம்மிடம் எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு டியூஷன் கண்டுபிடித்துவிடுவோம்.

அதிதி அசோக்கின் கதை எனக்கு வேறு காரணத்துக்காகப் பிடிக்கும். பெங்களூரில் ஓர் உணவகத்துக்குக் காலைச் சிற்றுண்டிக்குப் போகும் குடும்பம். எதிரே கோல்ஃப் களம். ஐந்து வயதுப் பெண் 'அது என்ன?' என்று கேட்கிறாள். பெற்றோர் இருவருக்கும் அதுவரை அந்த ஆட்டம் தெரியாது. பிள்ளை கேட்டதால் அவர்களும் சேர்ந்து கற்றார்கள். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தந்தை அவளுக்குப் பை சுமந்தார். டோக்கியோவில் தாய் சுமந்தார். பை சுமப்பது என்ற சொல்லுக்கு என் மாமாவின் வாழ்க்கையில் இருந்த பொருளையும் இங்கிருக்கும் பொருளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். 2021 ஆகஸ்ட் 7 காலையில் எங்கள் தெருவில் கோல்ஃபின் அரிச்சுவடி தெரியாத வீடுகளெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தன. ஓரடி வித்தியாசத்தில் அவள் நான்காவது இடம் பெற்றாள். ஓரடி என்றால் நீளமல்ல. ஒரே ஒரு தட்டு. மாலையில் நீரஜ் சோப்ராவின் ஈட்டி தங்கம் கொண்டுவந்ததும் காலையில் நடந்தது மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சோற்றுக்கு எங்கே போவது?

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பதினெட்டுக் குழிக் களம் ஒன்றுக்கு நூறு ஏக்கருக்குக் குறையாத நிலம் வேண்டும். அந்தப் புல்லைப் பச்சையாக வைத்திருக்கத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும். நாஞ்சில் நாட்டின் வயல்கள் வீட்டுமனைகளாக மாறிக்கொண்டிருப்பதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பேருந்தில் வரும் எவரும் சன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொள்ளலாம். குளங்களுக்கும் அதே கதி. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம்பெறாத சிறுகுளங்களைக் கேட்க நாதியில்லை. இந்நிலையில் இங்கே ஒரு கோல்ஃப் களம் வேண்டும் என்று எவரேனும் கிளம்பினால் முதல் ஆளாக எதிர்த்து நிற்பேன். சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய மன்றத்தின் குத்தகையை ரத்துசெய்து 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டபோது எனக்கு வருத்தம் எதுவும் ஏற்படவில்லை. அந்தப் பந்தய வட்டத்துக்குள்ளேதான் கோல்ஃபும் ஆடினார்கள். பெருநகரின் நடுவே மழைநீர் தேங்க இடமில்லாதபோது சிலருக்கு மட்டும் அவ்வளவு பெரிய திறந்தவெளி எதற்கு என்ற கேள்வி சரியான கேள்வியே.

ஆனால் நண்பர் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே கயிற்றில் கட்டுகிறார். நான் எதிர்ப்பது களத்தை. பிள்ளைகள் ஆடுவது ஆட்டத்தை. ஆட்டத்துக்கு ஒரு குழியும் ஒரு கோலும் ஒரு பந்தும் போதும் என்பதை அறுத்த வயலில் கண்ணால் பார்த்தேன். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் மூன்று சிரட்டைகள், தென்னந்தோப்பில் மூன்று, கடற்கரை மணலில் மூன்று. ஒன்பது குழி ஆயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். புல்லே இல்லாத, மணலில் எண்ணெய் கலந்து மெழுகிய குழிமேடைகளில் ஆடிய களங்கள் நம் நாட்டின் வறண்ட பகுதிகளில் முன்பு நிறைய இருந்தன. 'பிரௌன்' என்று அவற்றைச் சொல்வார்கள். பச்சைப் புல்வெளி இந்த ஆட்டத்துக்கு அணிகலன். அதன் உடம்பு அல்ல.

அப்படியே இருந்தாலும் கிட்டிப்புள்ளும் கபடியும் இருக்கும்போது இது எதற்கு என்று நண்பர் அடுத்து கேட்டார். இதற்கு விடை சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. பெரும் போட்டிகளில்கூட விதி தெரிந்தவர்கள் ஐயம் தீர்க்கவே இருப்பார்கள். ஆடுபவனே தன் எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். 1925இல் அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் கோலைத் தரையில் வைத்தபோது பந்து சற்றே அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. தானே சொல்லித் தனக்கு ஒரு தட்டு தண்டம் போட்டுக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த ஒரு தட்டு இல்லையென்றால் பட்டம் அவருடையது. பாராட்டியவர்களிடம் அவர் சலித்துக்கொண்டதாகவே சொல்கிறார்கள். திருடாமல் இருப்பதற்கெல்லாமா பாராட்டு என்பது அவர் எண்ணம். கிரிக்கெட்டில் மட்டையில் பட்டதை மறைத்து நிற்பது சாமர்த்தியம் என்று என் கண்முன்னே ஒன்பது வயதுப் பையன்கள் கற்றிருக்கிறார்கள். அதே பையன்கள் சிரட்டைப் பந்தில் முதல் மூன்று நாட்கள் வாய்கூசாமல் பொய்சொன்னார்கள். புதருக்குள் ஆறு தட்டுத் தட்டிவிட்டு 'மூணு' என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நான் நடுவர் ஆகிவிடுவேன்.

இன்னொன்று, வயது. கபடியில் நான் பேத்தியோடு ஆட முடியாது. கோல்ஃபில் திறன் குறைந்தவருக்குச் சில தட்டுகளைத் தள்ளுபடியாகக் கொடுத்துச் சமமாக ஆடும் முறை உண்டு. அறுபத்தெட்டு வயதும் ஏழு வயதும் ஒரே குழிக்கு ஒரே நேரத்தில் நடந்து, உண்மையாகவே போட்டியிட்டு, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தோற்கலாம். எங்கள் வீட்டில் அவள் எனக்கு ஒரு குழிக்கு ஒரு தட்டு தள்ளுபடி தருகிறாள். கிழவனுக்கு முதுகுவலி என்று அவளே முடிவுசெய்தது.

பெண்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் குறிப்பிடவேண்டும். கிரிக்கெட் மூலையில் அவர்களுக்கு 'பந்து பொறுக்குவது' ஒன்றே வேலையாக இருந்தது. இங்கே அவரவர் பந்து அவரவர்க்கு. வயலோரம் நின்ற ஒரு பாட்டி, 'பொம்பளப் புள்ளைக்குக் கம்பு எதுக்கு மக்களே?' என்று கேட்டுவிட்டு, பேரன் தவறவிட்டதைத் தன் பேத்தி சிரட்டைக்குள் தள்ளியதும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

பள்ளிகள் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும். நகரத்துத் தனியார் பள்ளிகள் சிலவற்றில் இது கட்டணப் பட்டியலில் ஓர் இனமாகச் சேர்ந்துவிட்டது. விளம்பரப் பலகையில் குதிரையேற்றத்துக்குப் பக்கத்தில் எழுதிவைக்கிறார்கள். அது பழைய உறுப்பினர் அட்டைதான், புதிய உறை போட்டது. அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி, பிளாஸ்டிக் கோல் பத்து வாங்கி, மைதான ஓரத்தில் நான்கு குழி வெட்டினால், செலவு ஒரு கிரிக்கெட் பெட்டியின் விலையைத் தாண்டாது. அந்தப் பிள்ளைகளில் எவரும் பட்டம் வெல்லவேண்டியதில்லை. கவடியாரிலோ உதகையிலோ கொடைக்கானலிலோ ஏதேனும் ஒரு களத்தின் வேலிக்கு வெளியே நிற்க நேர்ந்தால், உள்ளே நடப்பது தங்களுக்குத் தெரியாத மந்திரம் அல்ல என்று அவர்கள் அறிந்திருக்கவேண்டும். என் மாமாவுக்கு அது தெரிந்திருந்தது. வேலிக்கு உள்ளேயே இருந்தும் அவர் ஆடமுடியவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு மாலை. வரப்புக்கு அப்பால், கைதைப் புதருக்குப் பின்னால் பேத்தியின் பந்து போய் விழுந்தது. அவளும் பின்னாலே போனாள். எங்கள் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. 'டப், டப்' என்ற ஓசையும் கேட்கவில்லை, காற்று எதிர்ப்பக்கம். கொஞ்ச நேரம் கழித்துப் பந்து வெளியே வந்தது. அவளும் வந்தாள். சிரட்டையில் பந்து விழுந்ததும் நண்பர் கேட்டார், 'எத்தனை மக்களே?'

'ஒன்பது.'

'ஒன்பதா? நாலுதானே நாங்க பாத்தோம்.'

'புதருக்குள்ள அஞ்சு,' என்றாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு. அன்றைய ஆட்டத்தில் அவளுக்குக் கடைசி இடம். பக்கத்தில் நின்ற பையன் சிறிது யோசித்துவிட்டு, தான் முன்பு சொன்ன ஐந்து உண்மையில் ஏழு என்றான்.

நண்பர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் பூவரசங்கிளையில் முனை வளைந்த கம்பு ஒன்றைச் சீவி எடுத்துக்கொண்டு வந்து, 'எனக்குத் தள்ளுபடி எத்தனை வே?' என்று கேட்டார். மூன்று நாள்தான் ஆடினோம். ஜூன் பிறந்தது, கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று வயற்காரர் ஆள் அனுப்பினார். சிரட்டையைத் தோண்டி எடுத்துக் குழியை மூடினோம். கன்னிப்பூவுக்கு உழவு தொடங்கிவிட்டது. பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். நீலக்கோலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வட்டக்கோட்டைப் பக்கம் மணலில் இடம் பார்த்துவைத்திருப்பதாகப் பையன்கள் வந்து சொன்னார்கள். அங்கே புன்னை மரங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று போய்ப் பார்க்கவேண்டும்.